அத்தியாயம் 6: விதிகள் மாறிய பிறகு உங்கள் பாலிசி

வீட்டில் மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருந்தால், கடைசியாகப் புதுப்பித்தபோது வந்த பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். கம்பெனியின் பெயர் அதேதான், பிரீமியம் கட்டும் தேதியும் அதேதான். ஆனால் அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் விதிகள் 2024-இல் நிறையவே மாறிவிட்டன. பாலிசி வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. விற்ற ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

மாற்றம் இரண்டு தவணையாக வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட புதிய ஒழுங்குமுறைகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காத்திருப்புக் காலம், வயது வரம்பு போன்றவை அவற்றில் அடங்கும். அடுத்து, 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீட்டுக்கென்றே ஒரு தொகுப்புச் சுற்றறிக்கை வந்தது. மருத்துவமனையில் கேஷ்லெஸ் அனுமதி எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், க்ளெய்மை யார் மறுக்கலாம், எப்படி மறுக்கலாம் என்பதையெல்லாம் சொல்வது இதுதான். இவை புதிதாகப் பாலிசி எடுப்பவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே விற்பனையில் இருந்த பாலிசிகளையும் புதிய விதிகளுக்கு ஏற்பத் திருத்தக் கம்பெனிகளுக்கு 2024 செப்டம்பர் 30 வரை கெடு கொடுத்திருந்தார்கள். பத்து வருடமாக ஓடும் பாலிசியும், அதன்பின் ஒரு முறை புதுப்பித்தபோதே புதிய விதிகளுக்குள் வந்துவிட்டது.

மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கவுன்ட்டர்களில் மனிதர்கள் படும் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விதிகளில் பெரும்பாலானவை நல்லவை. ஆனால் விதியின் பெயரைச் சொல்லி, எழுத்தில் கேட்பவருக்குத்தான் அவை வேலை செய்கின்றன. தலையைக் குனிந்துகொண்டு காத்திருப்பவருக்குப் பழைய நடைமுறையே தொடர்கிறது. அதனால், என்ன உரிமை வந்திருக்கிறது என்பதோடு, அதை எந்த வார்த்தையில், யாரிடம், எப்போது கேட்பது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் நாள்

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஊரிலிருந்து கார் வந்துவிடுகிறது. பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தால், மதியம் ஆகிறது, சாயங்காலம் ஆகிறது, கவுன்ட்டரில் கேட்டால் ஒரே பதில்: "இன்சூரன்ஸ்ல இருந்து அப்ரூவல் வரணும் சார்."

சுற்றறிக்கை இதற்கு இரண்டு நேர வரம்புகளை வைத்திருக்கிறது. கேஷ்லெஸ் கேட்டு மருத்துவமனை விண்ணப்பம் அனுப்பினால், காப்பீட்டுக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த 3 மணி நேரம் தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால், அந்தத் தொகையைக் கம்பெனி தன் பங்குதாரர்களின் பணத்திலிருந்து கட்ட வேண்டும். உங்களிடம் கேட்கக் கூடாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நேரத்திலிருந்து அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்குவதில்லை. மருத்துவமனை இறுதி பில்லையும் டிஸ்சார்ஜ் கோரிக்கையையும் கம்பெனிக்கு அனுப்பும் நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போக வேண்டும். லேபில் பாக்கி இல்லை என்று பில்லிங்குக்குத் தகவல் வர வேண்டும். இவை முடிவதற்குள் பகல் பாதி போய்விடும்; இந்தத் தாமதம் ஐஆர்டிஏஐ விதிக்குள் வராது. ஒழுங்குமுறை ஆணையத்தின் பிடி காப்பீட்டுக் கம்பெனிகள் மேல்தான் இருக்கிறது, மருத்துவமனைகள் மேல் இல்லை.

ஆகவே கவுன்ட்டரில் "எப்ப சார் முடியும்?" என்று கேட்பதில் பயனில்லை. "மேடம், ஃபைனல் பில் எத்தனை மணிக்கு இன்சூரன்ஸுக்குப் போச்சு? கொஞ்சம் ஸ்க்ரீன்ல பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் தாமதம் மருத்துவமனையுடையது. நர்சிங் ஸ்டேஷனையும் பில்லிங்கையும் துரத்துங்கள். போய்விட்டது என்றால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அவர்கள் பக்கத்திலும் அந்த நேரத்தை உறுதிசெய்து, புகார் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு தங்க நேர்ந்து, மருத்துவமனை இன்னொரு நாள் ரூம் ரென்ட் போட்டால், அந்தக் குறிப்புதான் உங்கள் ஆதாரம்.

சிகிச்சையில் இருக்கும்போதே நோயாளி இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சுற்றறிக்கை சொல்கிறது. கம்பெனி க்ளெய்மை உடனடியாகப் பரிசீலித்து, உடலை மருத்துவமனையிலிருந்து உடனே விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பாவின் உடல் பிணவறையில் இருக்க, மகன் கவுன்ட்டருக்கும் ஏடிஎம்முக்கும் அலையும் கொடுமையை எந்தக் குடும்பமும் அனுபவிக்கக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டார் யாருக்கும் விதி நினைவில் இருக்காது. இதைப் படிக்கும் நீங்கள் உறவிலோ தெருவிலோ யாருக்காவது அப்படி நேர்ந்தால், கூடப் போய் நின்று, "மே 2024 சுற்றறிக்கைப்படி இறப்புக் க்ளெய்மை உடனே முடிக்கணும்" என்று கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்ற ஏற்பாட்டைப் பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் சேர்வதற்கு 48 மணி நேரம் முன்பாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். சிறிய நர்சிங் ஹோம்கள் பல மறுத்துவிடும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சுகரை மறைக்கலாமா

க்ளெய்ம் மறுக்கப்பட்ட கடிதங்களைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே காரணம் வரும்: முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை. இதன் தொடக்கம் பெரும்பாலும் பாலிசி எடுத்த நாளில், வரவேற்பறை சோபாவில் இருக்கிறது. படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்புகிறார். "சுகருக்கு மாத்திரை போடுறேன் தம்பி" என்று பெரியவர் சொல்கிறார். "அதைப் போட்டா பிரீமியம் ஏறும் சார், மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க. இதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க, விட்டுருவோம்" என்கிறார் ஏஜென்ட். பெரியவர் கையெழுத்துப் போடுகிறார், அல்லது போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்கிறார். சட்டத்தின் பார்வையில் அந்தப் பொய்யைச் சொன்னவர் ஏஜென்ட் அல்ல, பெரியவர்.

2024-க்குப் பிறகு இப்படி மறைப்பதற்கு இருந்த காரணமும் மெலிந்துவிட்டது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு முன்பு 48 மாதம். இப்போது 36 மாதம். கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான காத்திருப்பும் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் இன்னும் குறைக்கும் பாலிசிகளும் உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டு 3 வருடம் காத்திருப்பதும், பொய் சொல்லிவிட்டு ஒவ்வொரு க்ளெய்முக்கும் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல.

முன்பே இருந்த நோய் என்றால் எது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ தந்த நோய்தான் அந்த வரையறைக்குள் வரும். ஆனால் படிவத்தில் "எப்போதாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டதுண்டா" என்று கேட்டிருந்தால் பதினைந்து வருடத்துக்கு முந்தையதையும் எழுதுங்கள். வரையறை வேறு, கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் தருவது வேறு.

ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால்? பயந்து ஒளிய வேண்டாம். அடுத்த புதுப்பிப்புக்கு முன்பே, கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி நோயைத் தெரிவியுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், காத்திருப்புக் காலம் போடலாம், சில சமயம் பாலிசியைத் தொடர முடியாது என்றும் சொல்லலாம். அந்த ஆபத்து உண்மைதான். இருந்தாலும் அறுவை சிகிச்சை மேசைக்குப் போகும் நாளில் தெரிய வருவதைவிட, நல்ல உடம்போடு இருக்கும்போது தெரிவது மேல் என்பதே என் கருத்து.

இதே விஷயத்தில் விதி உங்களுக்குச் செய்திருக்கும் மிகப் பெரிய உதவி, ஐந்து வருட வரம்பு. தொடர்ச்சியாக 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதன்பிறகு தகவலைச் சொல்லவில்லை, தவறாகச் சொன்னீர்கள் என்ற காரணத்தால் க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று கம்பெனி நிரூபித்தால் மட்டுமே விலக்கு. முன்பு இந்த வரம்பு 8 வருடம். நடுவில் காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் கூட்டியிருந்தால், கூட்டிய 5 லட்சத்துக்கு மட்டும் கூட்டிய நாளிலிருந்து 60 மாதம் எண்ணப்படும். காத்திருப்புக் காலத்துக்கும் அதே கணக்குதான். தொடர்ச்சி அறுந்தால் எல்லாம் அறுந்துவிடும் என்பதால், வருடப் பிரீமியத்துக்குத் தரப்படும் 30 நாள் சலுகைக் காலத்தைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். வருடப் பிரீமியம் கட்டுபவர்களுக்கு அந்த நாட்களில் காப்பீடு இல்லை. பின்னால் கட்டினால் தொடர்ச்சி மட்டும்தான் காப்பாற்றப்படும்.

இன்னொரு கண்ணி மருத்துவமனையிலேயே இருக்கிறது. அட்மிஷனின்போது பயிற்சி டாக்டர் ஒருவர் வந்து, "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று கேட்பார். நோயாளி மயக்கத்தில் இருப்பார். பக்கத்தில் நிற்கும் மச்சினனோ மருமகளோ, "இருக்கும் ஒரு பத்து வருஷம்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் நான்கு வருடம்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் பத்து என்று ஏறிவிடும். அதிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். பாலிசி எடுத்து ஐந்து வருடம் முடியாதவராக இருந்தால், "பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்திருக்கிறது" என்று அந்த ஒரு வரியை வைத்தே க்ளெய்ம் மறுக்கப்படும். இது அடிக்கடி நடக்கிறது. தெரியாத கேள்விக்கு, "சரியாத் தெரியாது டாக்டர், ரிப்போர்ட் பார்த்துச் சொல்றோம்" என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். முதன்முதலாகச் சுகர் கண்டுபிடித்த நாளின் லேப் ரிப்போர்ட்டை, அப்போது எழுதிய சீட்டோடு பாலிசி ஃபைலிலேயே வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்தாகும் முன் வாங்கி, பழைய நோய்கள் பற்றிய பகுதியை ஒருமுறை படியுங்கள். தவறாக இருந்தால் ஆதாரத்தைக் காட்டி, சிகிச்சை அளித்த டாக்டரிடமே திருத்தம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சீர்திருத்தம் தொடாத இடம்: ரூம் ரென்ட்

காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம்தான் நாள் வாடகை என்ற வரம்பு இன்னும் பல பாலிசிகளில் இருக்கிறது. புதிய விதிகள் அதைத் தடை செய்யவில்லை. இதனால் கையைவிட்டுப் போகும் பணம் எவ்வளவு என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

3 லட்சம் ரூபாய் பாலிசி, வாடகை வரம்பு 1 சதவீதம். அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குச் சேர்கிறார் ஒருவர். 3,000 ரூபாய் அறை காலி இல்லை என்று 6,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறார். பில்லில் அறை வாடகை 24,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 90,000, மருந்து 30,000, பரிசோதனைகள் 16,000, கையுறை, முகக்கவசம் போன்ற, காப்பீட்டில் வராத சாமான்கள் 5,000. மொத்தம் 1,65,000.

வாடகையில் கூடுதலான 12,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கம்பெனி அப்படிக் கணக்குப் போடாது. அனுமதித்த வாடகை எடுத்த வாடகையில் பாதி என்பதால், அறையின் வகையைப் பொறுத்து ஏறும் கட்டணங்களிலும் பாதியைத்தான் கொடுக்கும். ஆக வாடகைக்கு 12,000, சர்ஜன் முதலிய 90,000-க்கு 45,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் முழுதாக 46,000. மொத்தம் 1,03,000. நோயாளி வீட்டார் கட்டுவது 62,000 ரூபாய்.

மருந்து, உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்ற சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படிப் பாதியாக வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் வெட்டவே கூடாது. பில் வந்ததும் இவற்றில் கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் மறுகணக்குக் கேளுங்கள். வரம்புக்கு உட்பட்ட அறை இல்லாததால்தான் மேல் அறை கொடுத்தோம் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தால் அதையும் வாங்கி வையுங்கள். கம்பெனி அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பின்னால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனால் அந்தக் காகிதம் பேசும். நிரந்தரத் தீர்வு, அடுத்த புதுப்பிப்பில் வாடகை வரம்பு இல்லாத திட்டத்துக்கு மாறுவதுதான்.

உங்கள் பாலிசியில் இந்த வரம்பு இருக்கிறதா என்று பார்க்க நாற்பது பக்கப் பத்திரத்தைத் தோண்ட வேண்டாம். பத்திரத்தோடு ஒரு வாடிக்கையாளர் தகவல் தாள் வர வேண்டும் என்பது விதி. என்ன உண்டு, என்ன இல்லை, காத்திருப்பு எவ்வளவு, துணை வரம்புகள் எவை என்பதெல்லாம் அதில் எளிய நடையில் இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும். கேளுங்கள். புதிதாக எடுத்த பாலிசி என்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. முன்பு அது 15 நாள்.

சித்த மருத்துவத்தை நம்புபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கீகாரம் பெற்ற ஆயுஷ் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால், அதற்கென்று தனியாகக் குறைந்த வரம்பு வைக்காமல் மற்ற சிகிச்சைகளைப் போலவே கருத வேண்டும் என்று ஆணையம் 2024-இல் சொல்லிவிட்டது. மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வெட்கப்பட்டுக் கொண்டு கேட்காமல் விடாதீர்கள்.

பிரீமியம் ஏன் ஏறுகிறது

காத்திருப்புக் காலம் குறைந்தால் கம்பெனி தர வேண்டிய க்ளெய்ம் கூடும். கூடும் க்ளெய்ம் பிரீமியத்தில் வந்து ஏறும். மருத்துவமனைக் கட்டணம் ஏறுவதும், உங்கள் வயது அடுத்த அடுக்குக்குப் போவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. கையில் வந்த உரிமைகளுக்கு நாமும் ஒரு பகுதி விலை கொடுக்கிறோம். அந்த விலை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களால் அதைக் கொடுக்க முடியாமல் போவதுதான் பெரிய கவலை.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்களைக் கம்பெனிகள் 65 வயது வரை அனுமதித்தால் போதும் என்று முன்பு இருந்ததைப் புதிய ஒழுங்குமுறைகள் எடுத்துவிட்டன. எல்லா வயதினருக்கும் திட்டங்கள் இருக்க வேண்டும். எந்த விலைக்கு என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியம் தாறுமாறாக ஏறியதைப் பார்த்து, 2025 ஜனவரியில் ஆணையம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மூத்த குடிமக்களின் பாலிசிக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமானால், கம்பெனி முதலில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். அப்பாவின் புதுப்பிப்பு நோட்டீஸில் 25 சதவீதம் ஏறியிருந்தால், கட்டுவதற்கு முன் இந்த விதியைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம். 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 4,500 ரூபாய் வரியாகப் போனது நின்றது. ஆனால் கம்பெனிகள் தாங்கள் செலுத்தும் வரிக்குக் கழிவு பெறும் வசதியை இழந்துவிட்டதால், அடிப்படைப் பிரீமியத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்க்கலாம். எனவே மொத்தத் தொகையோடு தொகையை ஒப்பிடாதீர்கள். சென்ற வருட ரசீதில் வரிக்கு முந்தைய தொகையையும் இந்த வருடத் தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேலை செய்யும் கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கு இந்த வரிவிலக்கு கிடையாது.

அந்தக் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பி ஐடி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அப்பா அம்மா வரை அதில்தான் இருப்பார்கள். வேலை போனால் காப்பீடும் அன்றே போய்விடும். கடைசி வேலைநாளுக்கு முன்பே, அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியை ஹெச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள். குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேரும். உடம்பு நன்றாக இருக்கும் முப்பதுகளிலேயே சொந்தமாக ஒரு சின்ன பாலிசியும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த அவஸ்தையே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கட்டாயம் வாங்கி வைத்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் அந்தத் திட்டத்தில் இங்கே சொன்ன மாற்றங்களால் எதுவும் குறையவில்லை.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் சேர்த்து வைத்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறலாம். பழைய கம்பெனி 72 மணி நேரத்துக்குள் உங்கள் விவரங்களைக் கொடுக்க வேண்டும். புதிய கம்பெனி 5 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புதிய கம்பெனி மறுக்கவும் செய்யலாம் என்பதால், புதுப்பிப்புத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒப்புதல் கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். போன வருடம் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் பழைய கம்பெனி புதுப்பிக்க மறுக்க முடியாது.

மறுப்பு வந்தால்

போனில் "உங்க க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குள் இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் க்ளெய்மையும் மறுக்கக் கூடாது. மறுத்தால், பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுத்தோம் என்று குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். காகிதம் இல்லை என்ற காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது. தேவையான ஆவணங்களை மருத்துவமனையிடம் கேட்டு வாங்குவது கம்பெனியின் வேலை.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "என் க்ளெய்ம் எண் இது. மறுப்புக்குக் காரணமான பாலிசி விதி எது, மறுஆய்வுக் குழு எந்தத் தேதியில் முடிவெடுத்தது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்." கோபத்தைக் கொட்டாதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி பத்திரத்திலேயே இருக்கும், அதற்கு அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை; வக்கீல் வைக்கவும் அனுமதியில்லை. நீங்களே பேச வேண்டும், அல்லது குடும்பத்தார் ஒருவர் பேசலாம். இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை அவர் விசாரிக்கலாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே தொடுத்திருந்தால் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே முதலில் இங்கே வருவதே நல்லது.

மனுவோடு மறுப்புக் கடிதம், முன்மொழிவுப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, நோய் முதலில் கண்டறியப்பட்ட நாளின் ரிப்போர்ட், கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வையுங்கள். முன்மொழிவுப் படிவத்தின் நகல் பலரிடம் இருக்காது. கம்பெனியிடம் இப்போதே கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள், உங்கள் பெயரில் ஏஜென்ட் என்ன எழுதினார் என்பது அப்போதுதான் தெரியும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அதன் தேதியை எழுதி வையுங்கள். தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே மே 29 சுற்றறிக்கை சொல்கிறது. முப்பத்தோராம் நாள் காலையிலேயே அந்தத் தொகையையும் சேர்த்துக் கேட்டு, ஆணையத்துக்கும் நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.